பூட்டிய ஆலையும் காத்திருக்கும் அடுப்பும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் டிரங்க் ரோடில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்தை எட்டுவதற்கு முன்னால் கூட்டேரிப்பட்டு என்று ஓர் ஊர் வருகிறது. பஸ்ஸில் கண்ணயர்ந்து போகிறவர்களுக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஆனால் மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கும், அந்த வழியாகவே புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கும் இது முக்கியமான இடம். இங்கேதான் பெரிய சாலையை விட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும்.

இந்தக் கூட்டு ரோடிலிருந்து கிழக்கே போனால் புதுச்சேரி. ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதித்தான் அந்த ஊருக்குப் பொழுது விடியும். இன்று அந்தப் பெரிய ஆலைகள் ஓடவில்லை. வடக்கே, சென்னையை நோக்கிப் போனால் செங்கற்பட்டுக்கு அப்பால் மறைமலை நகர். அங்கே அமெரிக்கக் கம்பெனி ஒன்று மோட்டார் கார் செய்து உலகமெல்லாம் அனுப்பியது. 2022-இல் அங்கேயும் கார் செய்வது நின்றது. ஆக, கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே ஒரு பழைய பூட்டு. வடக்கே ஒரு புதிய பூட்டு.

கடல் கடந்த வாணிகத்தில் காற்று திசை மாறுகிறது. உள்ளூர் ஆலையின் கதவு சாத்தப்படுகிறது. வாசலுக்கு வெளியே நிற்கும் தொழிலாளிக்குச் சர்க்கார் என்ன உதவி தருகிறது? அதை எப்போது தருகிறது? இந்த இரண்டு கேள்விகளில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி என்பது விசாரிக்க விசாரிக்கத் தெரியவரும்.

நீலத் துணி தந்த வாழ்வு

புதுச்சேரி ஆலைகள் பிறந்ததே அயல்நாட்டு வாணிகத்தினால்தான். நீலச் சாயம் தோய்த்த ஒரு வகைப் பருத்தித் துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக்குப் போயிற்று. அந்நாளில் அங்கே பணத்துக்குப் பதிலாகவே அந்தத் துணி கைமாறியதுண்டு. அந்தத் தேவையை நம்பி 1820-களின் இறுதியிலேயே புதுவையில் சவானா ஆலை எழுந்தது. பிற்பாடு அதுவே சுதேசி மில் ஆயிற்று. 1898-இல் எழுந்த ரோடியர் மில்தான் ஏ.எப்.டி. என்று எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்.

அந்த ஆலைகளின் தொழிலாளர் சாமானியப்பட்டவர்கள் அல்ல. 1936 ஜூலை 30-ஆம் தேதி, உரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்மீது பிரெஞ்சுச் சர்க்காரின் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 பேர் உயிர் துறந்தார்கள். மறு வருஷமே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. இன்று எட்டு மணிக்கு வேலைக்குப் போய் ஐந்து மணிக்கு வீடு திரும்புகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்துப் பார்க்கிறோம்?

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுவையில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. கொடி மாறியதில் எல்லோருக்கும் சந்தோஷந்தான். ஆனால் பிரெஞ்சு சாம்ராஜ்யத்தின் சந்தைகளை நம்பிப் பிறந்த ஆலைகள், அதற்குப் பிறகு எல்லா ஆலைகளையும்போல் போட்டி போட்டே பிழைக்க வேண்டியதாயிற்று. 1980-களில் ஏ.எப்.டி. ஆலையைப் புதுவைச் சர்க்காரே ஏற்று நடத்தத் தொடங்கியது. 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியா தன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் கடைசித் தொகுதியையும் நீக்கியது. 2005 ஜனவரி 1-ஆம் தேதி உலகத் துணி வாணிகத்தில் நாட்டுக்கு இவ்வளவு என்றிருந்த பங்கீட்டு முறையும் ஒழிந்தது. வலுத்தவன் எத்தனை துணி வேண்டுமானாலும் விற்கலாம் என்றாயிற்று. பழைய யந்திரம், ஏறிய நஷ்டம், நிர்வாகக் குறை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. போதாததற்கு 2011 டிசம்பர் 30-இல் அடித்த 'தானே' புயல் ஆலையையும் பதம் பார்த்துவிட்டுப் போயிற்று.

எல்லாப் பழியையும் அயல்நாட்டு வாணிகத்தின்மேல் போடுவது நியாயமாகாது. ஒரு மரம் விழும்போது காற்றும் காரணம். வேரில் பிடித்த கரையானும் காரணம். 2013-ஆம் வருஷக் கடைசியிலிருந்து தொழிலாளர்கள் 'லே-ஆஃப்' என்று பாதிச் சம்பளத்தில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஏ.எப்.டி. ஆலை முறைப்படி மூடப்பட்டது. யந்திரம் நின்றதற்கும், ஆலை மூடியாயிற்று என்று காகிதம் சொன்னதற்கும் இடையே ஆறு வருஷத்துக்கு மேல். இந்த இடைவெளியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த வேடிக்கை

வாணிகத்தால் வேலை இழந்தவனுக்குச் சர்க்கார் ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் பெரிய அளவில் சட்டமாக்கியது அமெரிக்கா. 1962-இல் ஜனாதிபதி கென்னடி, பிற நாட்டுச் சரக்குகளுக்குத் தீர்வையைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தார். தீர்வை குறைந்தால் தேசம் முழுவதற்கும் நன்மை. ஆனால் சில ஆலைகள் மூடும். ஊர் முழுவதும் அனுபவிக்கிற லாபத்துக்குச் சில குடும்பங்கள் மாத்திரம் விலை கொடுப்பது தர்மமா? ஆகவே அந்தச் சட்டத்திலேயே வேலை இழந்தவர்களுக்கு உதவித் தொகை, வேறு தொழில் கற்கப் பயிற்சி, வேறு ஊருக்குக் குடிபோகச் செலவு எல்லாம் எழுதி வைத்தார்கள்.

எழுதி வைத்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் 1969 வரையில், அதாவது ஏழு வருஷ காலம், அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு தொழிலாளர் மனுவுக்குக்கூட அநுமதி கிடைக்கவில்லை! காரணம் என்ன? "தீர்வையைக் குறைத்ததால்தான் இறக்குமதி பெருகியது, அந்த இறக்குமதியால்தான் என் வேலை போயிற்று" என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டும். பொருளாதாரப் பேராசிரியர்களே தலையைச் சொறிகிற விஷயத்தைச் செருப்புத் தைக்கிறவனும் நெசவு யந்திரம் ஓட்டுகிறவனும் எப்படி நிரூபிப்பார்கள்?

1974-இல் சட்டத்தைத் திருத்தி நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். ஓர் ஆலையைச் சேர்ந்த மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுச் செய்தால் போதும் என்று வந்தது. விசாரித்து அறியும் சுமை சர்க்காரின் தலையில் ஏறியது. அதன் பிறகு லட்சக்கணக்கானவர்கள் பயன் பெற்றார்கள். ஆனால் தவணை வைத்த சட்டம் அது. காங்கிரஸ் சபை தவணையை நீட்டாததால் 2022 ஜூலை முதல் புதிய மனுக்களுக்கு அங்கே கதவு சாத்தியாயிற்று. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2007-இல் தொடங்கிய இதே மாதிரி நிதி ஒன்றும் உண்டு.

முக்கால், அரை, கால்

நம் நாட்டில், "அயல்நாட்டுப் போட்டியால் வேலை போயிற்றா? இதோ உதவி" என்று சொல்லும் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் அதற்கு மிக அருகில் வந்த திட்டம் ஒன்று இருந்தது. 1985-ஆம் வருஷத் துணிக் கொள்கையைத் தொடர்ந்து 1986 செப்டம்பர் 15-ஆம் தேதி மத்திய சர்க்கார் தொடங்கிய ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் அது. தனியார் துறை ஆலை நிரந்தரமாக மூடினால், அதில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு முதல் வருஷம் சம்பளத்தில் முக்கால் பங்கு. இரண்டாம் வருஷம் அரைப் பங்கு. மூன்றாம் வருஷம் கால் பங்கு. மாதம் 3,000 ரூபாய் சம்பளக்காரர் என்றால் முறையே 2,250, 1,500, 750 ரூபாய். படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்கி, அதற்குள் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ளட்டும் என்பது உத்தேசம். நல்ல உத்தேசந்தான்.

1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தபோது, ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளருக்கென்று தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்று அறிவிக்கப்பட்டு 1992 பிப்ரவரியில் அமைந்தது. வேறு தொழில் கற்றுக் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் பணத்தில் பெரும் பகுதி மத்திய சர்க்காரின் கம்பெனிகளில் விருப்ப ஓய்வு கொடுப்பதற்கே செலவாயிற்று. 2000-இல் அந்த நிதியும் கலைக்கப்பட்டது.

2005 ஏப்ரல் 1 முதல் ஈ.எஸ்.ஐ. நிறுவனம் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம் என்ற வேலையில்லாப் படித் திட்டத்தைத் தொடங்கியது. ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவருக்கு 24 மாதம் வரையில் உதவி என்று அது பிற்பாடு விரிந்தது. முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி. அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. வைத்தியமும் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் பழைய ஜவுளித் திட்டமும் இதனோடு சேர்ந்துவிட்டது. 2018 ஜூலையில் வந்த அடல் திட்டம் இன்னொன்று. வேலை போனவருக்கு வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரையில் படி. அது முதலில் கால் பங்காக இருந்தது. கொரோனாக் காலத்தில், 2020-இல், அரைப் பங்காக உயர்ந்தது.

பூட்டு உண்டு; மூடல் இல்லை

இத்தனை திட்டம் இருந்தால் பிறகு என்ன குறை என்று கேட்கலாம். குறை கதவின் பூட்டில் இருக்கிறது.

ஜவுளித் திட்டத்தில் உதவி பெற வேண்டுமானால், ஆலையை மூட ராஜ்ய சர்க்கார் முறைப்படி அநுமதி கொடுத்திருக்க வேண்டும். அல்லது கோர்ட்டு அந்த ஆலையின் சொத்தைக் கலைத்துக் கொடுக்க அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். முதலாளி ஒரு நாள் காலையில் கதவில் பூட்டைத் தொங்கவிட்டுப் போனால் அது மூடல் ஆகாது. யந்திரத்தில் சிலந்தி கூடு கட்டலாம். ஆலை வளாகத்தில் வேம்பு முளைத்து மரமாகலாம். ஆனாலும் காகிதத்தில் அந்த ஆலை 'நலிந்த' ஆலைதானே தவிர 'மூடிய' ஆலை அல்ல. வேலையும் இல்லை, வேலை போயிற்று என்று சொல்ல அத்தாட்சியும் இல்லை.

சர்க்கார் ஆலைகளும் இதற்கு விலக்கல்ல. மத்திய சர்க்காரின் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள், தமிழ்நாட்டில் இருப்பவை உட்பட, 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு போன பிறகும் வருஷக்கணக்கில் அவை ஓடவில்லை. புதுவையில் கண்ட அதே இடைவெளிதான் இது.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஆலையை விட்டுக் கழலும்போது பல கம்பெனிகள் 'ஆட்குறைப்பு' என்ற வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. "விருப்ப ஓய்வு" என்று தாளை நீட்டுகின்றன. மொத்தமாக ஒரு தொகை வருகிறதே என்று தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். 'விருப்பம்' என்று எழுதிக் கொடுத்த பிறகு, ஈ.எஸ்.ஐ.யின் வேலையில்லாப் படி கிடையாது. விருப்பப்பட்டுப் போனவருக்கு எதற்குப் படி என்பது சட்டத்தின் வாதம்! வாசலில் பூட்டுத் தொங்கும்போது வருகிற விருப்பம் எத்தகையது என்று சட்டத்துக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் மனைவிக்குத் தெரியும்.

மறைமலை நகர்ப் பாடம்

போர்டு கம்பெனி 1995-இல் இந்தியக் கூட்டாளி ஒருவருடன் இங்கே கால் வைத்தது. 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஐகான் கார் வெளிவந்தது. பிறகு இங்கே செய்த எக்கோஸ்போர்ட் கார் அமெரிக்காவுக்கே கப்பலேறிப் போயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகள் செய்த கார் அமெரிக்க வீதியில் ஓடுகிறது என்று நாம் பெருமைப்பட்டோம். 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. 2022 மே கடைசியில், நல்ல ஈட்டுத் தொகை கேட்டுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. செப்டம்பரில்தான் தொகை பற்றிய பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது. 2025 அக்டோபரில், அதே இடத்தில் என்ஜின் செய்ய அந்தக் கம்பெனி தமிழ்நாட்டுச் சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-இல் உற்பத்தி என்பது திட்டம். சந்தோஷமான செய்திதான். ஆனால் 2022-இல் வெளியே வந்தவருக்கு 2029 வரையில் வயிறு காத்திருக்குமா?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது சங்கமும் கம்பெனியும் உட்கார்ந்து பேசி வந்த தொகை. சங்க பலம் இல்லாத சிறிய ஆலையில் இந்தப் பேச்சு நடக்காது. ஈ.எஸ்.ஐ.க்கோ 2017 ஜனவரியில் வைத்த வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் சம்பளம் உயர்ந்து ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியேறியவருக்கு அந்தத் திட்டங்களின் வேலையில்லாப் படியும் இல்லை. சம்பளம் உயர்ந்ததே என்று சந்தோஷப்பட்டவர், தலைக்கு மேலிருந்த கூரை ஒன்று நகர்ந்து போனதைக் கவனித்திருக்க மாட்டார்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் இடையே ஒரு குடும்பம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கணவனுக்கு ஏற்றுமதி ஆலையில் மாதம் 16,000 ரூபாய் சம்பளம். 12 வருஷ சர்வீஸ். ஒரு நாள் ஆட்குறைப்பு ஓலை வருகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு இப்படித்தானே நடக்கும்?

"என்னங்க, மொத்தமா எவ்வளவு வரும்னு சொன்னாங்க?"

"வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளமாம். பன்னிரண்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வரும்."

"மாசாமாசம் ஏதாவது உண்டா?"

"ஈ.எஸ்.ஐ.லே எழுதிக் கொடுத்தா, ஒரு வருஷத்துக்கு மாசம் எட்டாயிரம். அடுத்த வருஷம் நாலாயிரம்."

"அது எப்போ வரும்?"

கணவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்க் கையை அலம்புகிறான். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், படி மட்டும் இரண்டு வருஷத்தில் 1,44,000 ரூபாய். அற்பத் தொகை என்று சொல்ல முடியாது. உரிய மாதத்தில் உரிய தொகை வந்தால் பெண்ணின் படிப்பு நிற்காது. தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகாது. அதுவே ஒரு வருஷம் கழித்து மொத்தமாக வந்தால், கடன்காரன் கைக்குப் போய்ச் சேரும். தொகை அதேதான், ஆனால் அது காப்பாற்றுவது ஒரு குடும்பத்தை அல்ல, ஒரு வட்டிக் கடையை!

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. சிறிய தொகைதான். ஆனால் '45 நாள்' என்று கெடு வைத்ததே பெரிய விஷயம். அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலையே மூடுவதற்குச் சர்க்கார் அநுமதி பெற வேண்டும். இப்போது அந்த வரம்பு 300. மூடுவது சுலபமாகியிருக்கிறது. உதவி கிடைப்பதும் அதே அளவு சுலபமாக வேண்டாமா?

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

குடும்பத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை. ஆலையில் வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தால், நகைப் பெட்டியைப்போல் ஒரு காகிதப் பெட்டியும் இருக்கட்டும். ஈ.எஸ்.ஐ. அட்டையும் எண்ணும், பிராவிடண்ட் பண்டு எண், நியமன உத்தரவு, மாதச் சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்குப் புத்தகம் இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு பெயரும் ஆலைப் பதிவில் வேறு பெயரும் இருந்தால், வேலை இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். வேலை போன பிறகு ஆலை ஆபீசில் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

வேலை போனால் முதல் வாரமே ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்குப் போய் மனுவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். "விருப்ப ஓய்வு" என்று யாராவது தாள் நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் சங்கத்தாரையோ வக்கீலையோ கலந்துகொண்டு, வருகிற தொகை எவ்வளவு, இழக்கிற படி எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலாளிக்கு மூன்று மாதம்

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குகளுக்குத் தீர்வையை 50 சதவிகிதமாக உயர்த்தியது. திருப்பூர் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒருங்கே கலங்கினார்கள். அந்த நவம்பரிலேயே ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையில் கூடுதல் கடன் கிடைக்க மத்திய சர்க்கார் ஜாமீன் திட்டம் கொண்டுவந்தது. இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆலை ஓடினால்தானே தொழிலாளிக்கு வேலை! ஆனால் ஒன்று இதிலிருந்து தெளிவாகிறது. சர்க்கார் மனம் வைத்தால் மூன்று மாதத்துக்குள் ஓர் உதவி தயாராகிவிடும். முதலாளிக்கு மூன்று மாதத்தில் முடிகிற காரியம், தொழிலாளிக்கு மட்டும் ஏன் ஆறு வருஷமாக வேண்டும்?

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஆலையில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்று மூன்று மாதம் ஆகிவிட்டால், மூடல் உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் தொழிலாளிக்குப் படி தொடங்கட்டும். எந்தக் காரணத்தால் மூடியது என்ற விசாரணை பிறகு சாவகாசமாக நடக்கட்டும். அமெரிக்கா ஏழு வருஷம் வீணாக்கிக் கற்ற பாடத்தை நாம் இனாமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

திண்டிவனத்தருகே புதிய சிப்காட் தொழிற்பேட்டை எழுந்திருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெளிநாட்டார் கால்களுக்குக் காலணி தைக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் இந்த வட்டாரத்தில் எத்தனையோ கூரை வீடு மாடி வீடாகியிருக்கிறது. எத்தனையோ தங்கைகள் காலேஜுக்குப் போகிறார்கள். அயல்நாட்டு வாணிகம் கொடுத்த வாழ்வு அது. அது வளரட்டும் என்றே வாழ்த்துவோம். என்றைக்காவது கடலுக்கு அப்பால் காற்று மாறி அந்த 'ஆர்டர்' வேறு தேசத்துக்குப் போனால், ஆலையின் காரணம் சட்டப் புத்தகத்துக்கு வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் அடுப்புக்கு வேண்டியது அரிசி ஒன்றுதான்.